கதீட்ரல் விண்டோ பிளாக்: ஒன்பதும் ஒரே அளவாக வரவில்லை, நடுவில் துளை விழுகிறது

புதுத்தையல் (கேள்வி)

வணக்கம். மடிப்பு வைத்துச் செய்யும் க்வில்ட் பிளாக்கில் கை வைப்பது இதுவே முதல் தடவை. 12 இன்ச் குஷன் உறையின் முன்பக்கத்துக்காக, மூன்றுக்கு மூன்று என ஒன்பது கதீட்ரல் விண்டோ பிளாக் செய்துகொண்டிருக்கிறேன். (அடித்துணியை மடித்துச் செய்த சதுரங்கள்தான் பிளாக். இரண்டு பிளாக் சேரும் ஓரத்தின் மேல் வண்ணத் துண்டை ஜன்னல் போல வைத்து, சுற்றியுள்ள மடிப்பை அதன் மேல் திருப்பித் தைக்க வேண்டும்.) எங்கே பிழைக்கிறது என்று பிடிபடவில்லை. செய்த விதத்தை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அடித்துணி வெள்ளைப் பாப்ளின், நனைக்காதது. 8½ இன்ச் சதுரமாக ஒன்பது துண்டு வெட்டினேன். ஒவ்வொன்றையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி பாதியாக மடித்து, இரண்டு குறுகிய ஓரங்களையும் மெஷினில் தைத்தேன். பிறகு வாயைப் பிரித்து, அந்த இரண்டு தையலும் நடுவில் ஒன்றோடொன்று சேரும்படி பிடித்து, மிச்சமிருந்த நீள வாயையும் தைத்தேன். புரட்டுவதற்கு 2 இன்ச் இடைவெளி விட்டேன். புரட்டி, இஸ்திரி போட்டு, தையல் தெரியும் பக்கம் மேலே இருக்க, நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடித்தேன். தையலுக்குக் கால் இன்ச். முதல் சில பிளாக்குக்கு மெஷின் காலின் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) ஓரத்தை வைத்து ஓட்டினேன், பிறகு ஊசித் தட்டில் இருக்கும் கோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

பிளாக் 4 இன்ச் வர வேண்டும். நான்கு பிளாக் சரியாக 4. மூன்று 3⅞. ஒன்று 4⅛. மீதி ஒன்று சதுரமாகவே இல்லை, ஒரு பக்கம் 4, மறு பக்கம் 3⅞.

இது போக, ஐந்து பிளாக்கில் நான்கு நுனியும் நடுவில் சேராமல் அரைக்கால் இன்ச் அளவுக்குத் துளை தெரிகிறது. இரண்டில் நுனிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. முதல் வரிசையாக மூன்று பிளாக்கைக் கையால் இணைத்துப் பார்த்தேன், வில் மாதிரி வளைகிறது. வண்ண ஜன்னல் துண்டை 2¾ இன்ச் வெட்டி வைத்தேன். மடிப்பை அதன் மேல் திருப்பினால் புடைத்துக்கொண்டு சுருக்கம் விழுகிறது. சரி என்று இரண்டு துண்டை 2¼ ஆகக் குறைத்தேன், இப்போது மூலையில் பிசிறு எட்டிப் பார்க்கிறது.

இவற்றைப் பிரித்துச் சரிசெய்ய வழி உண்டா, இல்லை முதலிலிருந்து வெட்ட வேண்டுமா?

கால்_இன்ச்

நீங்கள் அளந்து கொடுத்த எண்களிலேயே பதில் இருக்கிறது.

வெட்டிய அளவிலிருந்து இரு ஓரத் தையலுக்குப் போகும் துணியைக் கழியுங்கள். வருவதைப் பாதியாக்கினால் பிளாக்கின் பக்கம். 8½-இல் ½ போனால் 8, பாதி 4. தையல் ⅜ இன்ச் பிடித்திருந்தால் ¾ போய்விடும், 7¾-இன் பாதி 3⅞. தையல் ⅛ மட்டும் பிடித்திருந்தால் 8¼-இன் பாதி 4⅛. ஆக, உங்கள் மூன்று சிறிய பிளாக்கில் தையல் அரைக்கால் இன்ச் உள்ளே போயிருக்கிறது. பெரிய ஒன்றில் துணி நழுவி, தையல் அரைக்கால் இன்ச் வெளியே நின்றுவிட்டது. தையல் எவ்வளவு விலகுகிறதோ அதே அளவு பிளாக்கின் பக்கமும் விலகும்.

சதுரமாக வராத பிளாக்கும் இதே கதைதான். முதலில் போட்ட இரண்டு சிறு தையல்கள் ஒரு திசையின் அகலத்தை முடிவு செய்கின்றன, கடைசியில் போட்ட நீளத் தையல் மற்றத் திசையை முடிவு செய்கிறது. ஒரு திசை 4, இன்னொன்று 3⅞ என்றால் இந்த இரண்டில் ஒன்று ¼, மற்றது ⅜. பெரும்பாலும் அந்தப் பிளாக்கின் நடுவில்தான் காலின் ஓரத்தை விட்டுக் கோட்டுக்கு மாறியிருப்பீர்கள். ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

பல மெஷின்களின் சாதாரணக் காலில் ஊசியிலிருந்து ஓரம் வரை கால் இன்சுக்கு மேலேயே இருக்கும். அதை நம்பாமல் ஒரு சோதனை செய்யுங்கள். 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, நீளவாக்கில் அடுத்தடுத்துத் தைத்து, தையல்களை ஒரு பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். நடுப் பட்டை சரியாக 1 இன்ச் தெரிய வேண்டும். 1-க்குக் குறைந்தால் தையல் அதிகம் பிடிக்கிறது, கூடினால் குறைவாகப் பிடிக்கிறது. சரியான இடம் கிடைத்ததும் ஊசித் தட்டில் அந்த இடத்தில் ஒரு தடித்த டேப்பை ஒட்டி, துணியின் விளிம்பு அதை உரசிக்கொண்டே போகும்படி ஓட்டுங்கள். கோட்டைக் கண்ணால் பார்த்து ஓட்டுவதைவிட, விளிம்பு முட்டி நிற்கும் ஒரு தடை எப்போதும் துல்லியம். துணி மடிந்து திரும்பும் இடத்திலும் கொஞ்சம் அளவு போகும் என்பதால், கால் இன்சுக்கு ஒரு இழை குறைவாகவே பிடிப்பது நல்லது.

வெட்டிய சதுரம் உண்மையிலேயே சதுரமா என்றும் பார்க்க வேண்டும். 8½ இன்ச் சதுரத்தின் மூலைவிட்டம் 12 இன்சுக்கு ஒரு மயிரிழை கூடுதல். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றுக்கொன்று அரைக்கால் இன்ச் மாறினால் அந்தத் துண்டைத் தைக்காதீர்கள். நான்கு பக்கமும் 8½ என்பதால் மட்டும் அது சதுரமாகிவிடாது, சாய்ந்த சதுரத்துக்கும் நான்கு பக்கமும் ஒன்றுதான்.

இனி பிரிப்பது. 3⅞ வந்த மூன்றிலும், தைத்த பிறகு ஓரத்தை நறுக்கிக் குறைக்காமல் இருந்தால் துணி உள்ளேயே இருக்கிறது. நீளத் தையலை முழுக்கப் பிரித்து, சிறு தையல் இரண்டையும் பிரித்து, லேசாக ஈரம் காட்டி இஸ்திரி போட்டால் பழைய ஊசித் துளைகள் மூடிக்கொள்ளும். பிறகு ¼-இல் மறுபடி தையுங்கள். 4⅛ வந்ததற்கு இவ்வளவு வேலை இல்லை. நீளத் தையலை மட்டும் பிரித்து, சிறு தையல்களுக்கு உள்பக்கமாக அரைக்கால் இன்ச் தள்ளிப் புதுத் தையல் ஓட்டி, நீளத் தையலை ¼-இல் திரும்பப் போட்டால் போதும். நீளத் தையலைப் பிரிக்காமல் சிறு தையல்களை ஆழப்படுத்த முடியாது, நடுவில் அவை அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: 4⅛ பிளாக்கை, மடிப்பைச் சற்று உள்ளே தள்ளி 4 ஆக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஏன் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள், துளைக்கும் அதுதான் காரணம்.

பருத்திப்பூ

கால்_இன்ச் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மடிப்புக் கோடு எவ்வளவு நகர்கிறதோ, நுனி அதைப்போல் இரண்டு மடங்கு நகரும். துணி மடிந்து திரும்புவதால் அப்படி. மடிப்பை 1/16 இன்ச் உள்ளே போட்டால், நுனி நடுவைத் தாண்டி ⅛ இன்ச் போய் எதிர் நுனியின் மேல் ஏறும். 1/16 வெளியே போட்டால், நுனி நடுவுக்கு ⅛ முன்பே நின்றுவிடும். எதிரெதிர் நுனி இரண்டும் அப்படி நின்றால் நடுவில் கால் இன்ச் வெட்டவெளி! உங்கள் துளையும் ஏறிக்கொள்ளும் நுனிகளும் வெவ்வேறு பிரச்சினைகள் அல்ல.

அதனால் மடிப்புக் கோட்டை முதலில் போட்டு நுனி எங்கே விழுகிறது என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நுனியை முதலில் நடுவில் வையுங்கள், கோடு தானாக அமையட்டும். புரட்டிய சதுரத்தில் உங்கள் சிறு தையல் இரண்டும் நீளத் தையலும் சந்திக்கும் புள்ளிதான் நடு. முதல் நுனியைச் சரியாக அதன் மேல் வைத்துக் குண்டூசி குத்துங்கள். விரலால் நுனியிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே போய் மடிப்பை அழுத்துங்கள். எதிர் நுனியை அதே போல. பிறகு மற்ற இரண்டு. நான்கும் சேர்ந்த பிறகுதான் இஸ்திரி.

நுனி மழுங்கியிருந்தாலும் துளை விழும். புரட்டுவதற்கு முன் நான்கு மூலைகளிலும், அதாவது ஒவ்வொரு தையலும் மடிப்பில் போய் முடியும் இடத்தில், தையலுக்கு இரண்டு இழை தள்ளி மூலையைச் சரிவாக நறுக்க வேண்டும். அங்கே திரளும் துணிதான் புரட்டியதும் நுனியை உருண்டையாக்குகிறது. கத்திரிக்கோல் முனையால் மூலையைக் குத்தித் தள்ளாதீர்கள், துளைத்துக்கொண்டு வெளியே வரும். மழுங்கிய பின்னல் ஊசி போதும். நடுவில் மேடு தட்டினால், முதல் இரண்டு தையலின் ஓரங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். ஒன்றை இடமும் இன்னொன்றை வலமும் சாய்த்து வைத்து நீளத் தையலைப் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்காரும். புரட்டும் இடைவெளியை நடுவில் விடவே கூடாது, நடுவைத் தாண்டி ஒரு மூலைக்கு முன்பாக விடுங்கள். நடுச் சந்திப்பில் தையல் உறுதியாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதாத ஒன்று: சதுரத்தைத் துணியின் நேர் இழையில் வெட்டினீர்களா? இந்தப் பிளாக்கின் அழகு முழுக்க அதில்தான் இருக்கிறது. சதுரத்தின் ஓரங்கள் பாவும் ஊடையுமாக நேராக இருந்தால், முதலில் உருவாகும் மடிப்பு விளிம்புகள் சரியான கிராஸில், அதாவது இழைக்கு மூலைவாட்டில், வரும். கடைசியில் ஜன்னல் துண்டின் மேல் திருப்புவது அந்தக் கிராஸ் விளிம்புகளைத்தான். கிராஸ் இழுத்துக் கொடுக்கும், அதனால்தான் சுருக்கமில்லாமல் வளையும். வெட்டும்போது இழை சாய்ந்திருந்தால் ஒரு விளிம்பு வெண்ணெய் மாதிரி வளையும், பக்கத்து விளிம்பு முரண்டு பிடிக்கும். வெட்டும் முன் ஒரு ஊடை நூலை உருவி அந்தக் கோட்டில் வெட்டத் தொடங்குங்கள், சந்தேகமே இருக்காது.

அதே கிராஸ்தான் இஸ்திரியில் ஆபத்தும். புரட்டிய சதுரத்தின் நான்கு ஓரமும் கிராஸ். பெட்டியை இழுத்துத் தேய்த்தால் ஓரம் நீண்டு, சதுரம் காற்றாடி மாதிரி கோணலாகும். பெட்டியை வைத்து அழுத்தி எடுங்கள், அடுத்த இடத்தில் வையுங்கள். நீராவி வேண்டாம். நனைக்காத பருத்தியில் நீராவி பட்ட இடம் மட்டும் சுருங்கும். 3 சதவீதம் சுருங்கினால்கூட 4 இன்ச் பிளாக் ஏறக்குறைய அரைக்கால் இன்ச் குறைந்துபோகும்.

நடுவில் நுனிகளைப் பிடிக்க, இரட்டை நூலைக் கீழிருந்து நடுவில் ஏற்றி, ஒரு நுனியில் இரண்டு மூன்று இழை மட்டும் கோர்த்து, எதிர் நுனியில் அதே அளவு கோர்த்து, கீழே இறக்குங்கள். மற்ற ஜோடியையும் இப்படியே. இன்னொரு சுற்று வந்தால் போதும். நூலை இழுக்கும்போது 1/16 இன்ச் துளை தானாக மூடும். அரைக்கால் இன்ச் துளையை நூலால் இழுத்து மூட முயன்றால் பிளாக் குழிந்துவிடும், மடிப்பைப் பிரித்து மறுபடி போடுங்கள்.

அடித்துணி வழுக்குகிறது என்றால் வெட்டும் முன்பே கஞ்சி போட்டு விறைப்பாக்கிக்கொள்ளுங்கள். அளவு நகராது.

நேரிழை

பருத்திப்பூ அக்கா சொன்னதில் கஞ்சி ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. வெட்டுவதற்கு விறைப்பு உதவும், உண்மைதான். ஆனால் இந்தப் பிளாக்கில் வேலை வெட்டுவதோடு முடிவதில்லை. ஜன்னல் ஓரத்தில் துணி வளைந்து கொடுக்க வேண்டும், ஊசி நான்கு அடுக்கில் புகுந்து வர வேண்டும். கெட்டியாகக் கஞ்சி போட்ட பாப்ளின் வளையும்போது முறியும், வளைவு உடைந்து உடைந்து தெரியும். மிக நீர்த்த கஞ்சி, அதுவும் வெட்டும் முன் ஒரே தடவை. மடித்த பிறகு தெளிக்கவே வேண்டாம்.

வளையும் வரிசைக்கு வருகிறேன். 3⅞ பிளாக்கை 4 பிளாக்கோடு சேர்த்தது ஒரு காரணம், அது அளவு சரியானதும் போய்விடும். இன்னொன்று, தையல் ஒரு முனையில் விளிம்பைப் பிடித்தும் மறுமுனையில் ஆழமாகவும் போயிருக்கும். நான்கு இன்ச் நீளத்தில் ஒரு முனையில் இருபுறமும் 1/16 கூடுதலாகப் பிடித்தாலே இரண்டு பிளாக்கும் விசிறி போல் திரும்பிவிடும், மூன்றாவது சேரும்போது வில் நன்றாகத் தெரியும். கையால் இணைக்கும்போது மடிப்புப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க இரண்டு பிளாக்கையும் வைத்து, இரு மூலைகளையும் நடுவையும் குண்டூசியால் நிறுத்திவிட்டு, விளிம்பைச் சுற்றி வரும் சிறு தையலாக, இரண்டு மூன்று இழை ஆழத்துக்கு மேல் போகாமல், இன்சுக்கு 10 முதல் 12 தையல் போடுங்கள். நூலைத் துணி தொட்டுக்கொள்ளும் வரைதான் இழுக்க வேண்டும். இறுக்கினால் விளிம்பு சுருங்கி மேடு கட்டும்.

மெஷினில் இணைப்பது இதைவிடத் துல்லியம் என்பது என் எண்ணம், ஆனால் நடு நுனிகளைத் தைக்கும் முன்பே செய்ய வேண்டும். சேர வேண்டிய இரண்டு மடல்களையும் (நடுவுக்கு மடித்த மூலைகள்) திறந்து, பிளாக்குகளின் பின்பக்கங்கள் ஒன்றையொன்று தொட வைத்து, மடிப்புக் கோட்டின் மேலேயே தையுங்கள். விரித்ததும் மடல் இரண்டும் முன்பக்கம் எழுந்து நிற்கும், ஒன்றை இடமும் ஒன்றை வலமும் மடித்துவிட்டால் இணைப்பு அடியில் மறைந்துவிடும். கோட்டின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் சரியாக நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் மூன்று தையல் பின்னோக்கிப் போட்டு முடியுங்கள். ஒரு தையல் கோட்டைத் தாண்டிப் போனாலும் நான்கு பிளாக் சந்திக்கும் மூலையில் அடுத்த வரிசை உட்காராது. தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், ஊசி 80/12. மூலைகளில் திணறினால் 90/14.

ஜன்னல் துண்டு. உங்கள் இரண்டு அளவுமே தவறு, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

இரண்டு பிளாக்கின் பொது ஓரம்தான் ஜன்னலின் மூலைவிட்டம். அதனால் ஜன்னலின் பக்கம், பிளாக்கின் பக்கத்தை 0.707-ஆல் பெருக்கினால் வரும். 4 இன்ச் பிளாக்குக்கு 2.83 இன்ச். நீங்கள் 2¾ வைத்தபோது ஓரத்தில் மிஞ்சியது பக்கத்துக்கு 0.04 இன்ச் மட்டுமே. மடிப்பைத் திருப்பும்போது துண்டின் விளிம்பும் சேர்ந்து மடிகிறது, அதுதான் அந்தப் புடைப்பு. 2¼ வைத்தபோது பக்கத்துக்கு 0.29 இன்ச் மிஞ்சுகிறது. நடுவில் சமாளித்துவிடலாம், மூலையில் திருப்பும் அளவு குறுகுவதால் பிசிறு வெளியே நிற்கும். 2½ வையுங்கள். பக்கத்துக்கு 0.16 இன்ச் மிஞ்சும், அரைக்கால் இன்சுக்குக் கொஞ்சம் மேல். மடிப்பு திரும்பும் பள்ளத்திலேயே துண்டின் விளிம்பு போய் உட்காரும். 3 இன்ச் பிளாக் என்றால் 1⅞, 5 இன்ச் என்றால் 3¼.

தைக்கும்போது நான்கு மூலையையும் முதலில் கட்டுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து கால் இன்ச் உள்ளே, இருபுற மடிப்பு விளிம்புகளையும் துண்டின் மேல் திருப்பி, இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இரண்டு தையல் ஒன்றின் மேல் ஒன்றாக. 2½ இன்ச் துண்டின் மூலை இந்தக் கட்டுக்கு உள்ளேயே மறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு பக்கமாக, நடுவில் கால் இன்சுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பி, முனைகளை நோக்கிக் குறைத்துக்கொண்டே போய், எம்மிங் போல மறைத்துத் தையுங்கள். அரைக்கால் இன்சுக்கு ஒரு தையல். 10-ஆம் எண் ஷார்ப்ஸ் ஊசி, அடித்துணி நிறத்தில் மெல்லிய பருத்தி நூல். ஊசி துண்டையும் அதற்கு அடியில் உள்ள மடலையும் பிடித்தால் போதும், பின்பக்கம் வரை போனால் பின்னால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நடுவில் எவ்வளவு திருப்புகிறீர்கள் என்பது பன்னிரண்டு ஜன்னலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணுக்கு முதலில் தெரிவது இதுதான், அரைக்கால் இன்ச் அளவுப் பிழையைவிட. ஒரு சிறு அட்டைத் துண்டில் அளவைக் குறித்து ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுத்தையல்

மிக்க நன்றி. பட்டைச் சோதனையில் காலின் ஓரத்தை வைத்து ஓட்டினால் நடுப் பட்டை ¾ இன்ச் வருகிறது! சதுரமாக வராத பிளாக்கில் நீளத் தையல் ¼, சிறு தையல்கள் ⅜. ஆனால் ஒரு சிக்கல்: 3⅞ வந்த மூன்றிலும் புரட்டும் முன் ஓரத்தை நறுக்கிவிட்டேன், தையலுக்கு வெளியே ⅛ கூட இல்லை. மற்ற ஆறையும் 3⅞-க்குக் குறைத்துவிடலாமா? இல்லை மூன்றைப் புதிதாக வெட்டினால், அந்தத் துணியை இப்போதாவது நனைத்துக்கொள்ளலாமா? கடைசியாக, வெளி ஓரத்தில் பாதி ஜன்னல்தான் இருக்கிறது, அங்கே என்ன செய்வது?

கால்_இன்ச்

¾ என்றால் ஒவ்வொரு தையலிலும் அரைக்கால் இன்ச் கூடுதல், உங்கள் 3⅞-க்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

ஆறையும் குறைத்தால் குஷன் 11⅝ இன்ச் ஆகும். அது பெரிய குறை இல்லை, ஆனால் ஆறு பிளாக்கைப் பிரித்துத் தைப்பதைவிட மூன்றைப் புதிதாக வெட்டுவது பாதி வேலை. 42 இன்ச் பயன்படும் அகலத்தில் ஒரு பட்டையில் நான்கு சதுரம் வரும், ஆகவே 9 இன்ச் நீளத் துணி இருந்தால் மூன்றும் வெட்டி ஒன்றும் மிஞ்சும். சதுரமாக வராததில் சிறு தையல்கள் ⅜ என்பதால் அதையும் முழுக்கப் பிரிக்க வேண்டும். அதன் ஓரத்தை நறுக்கவில்லையே? நறுக்கியிருந்தால் மிஞ்சும் நான்காவது சதுரம் அதற்கு.

புதிய துணியை நனைக்காதீர்கள். ஆறு நனைக்காததும் மூன்று நனைத்ததுமாகக் கலந்தால், முதல் சலவையில் ஆறு சுருங்கும், மூன்று அப்படியே நிற்கும், இணைப்பெல்லாம் சுருக்கம் விழும். அடித்துணி எல்லாம் ஒரே நிலையில் இருக்கட்டும். ஜன்னல் துண்டுகளின் துணியை மட்டும் வெட்டும் முன் அவசியம் நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள். சட்டம், அதாவது துண்டைச் சுற்றி நிற்கும் அடித்துணி, சுருங்கித் துண்டு சுருங்காவிட்டால் துண்டு லேசாக உப்பித் தெரியும், அவ்வளவுதான். துண்டு சுருங்கிச் சட்டம் சுருங்காவிட்டால் விளிம்பு தையலிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். சாயம் ஓடுகிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும், அடித்துணி வெள்ளை என்பதால் இது முக்கியம்.

பருத்திப்பூ

வெளி ஓரத்து மடல்களுக்கு ஜன்னல் துண்டு வேண்டாம். அந்த விளிம்புகளையும் மற்றவற்றைப் போலவே தன் மேலேயே திருப்பி, அதே வளைவில் தைத்துவிடுங்கள். வண்ணம் இருக்காது, ஆனால் இதழ் வடிவம் ஓரம் வரை முழுமையாக வரும். திருப்பாமல் விட்டால் உள்ளே வளைவும் ஓரத்தில் நேர்க்கோடுமாக, பாதியில் நிறுத்திய வேலை போல் தெரியும்.

குஷனாக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒன்பது பிளாக்கும் சேர்ந்த இந்தப் பலகையின் வெளி ஓரம் ஏற்கனவே மடிந்து முடிந்தது, தையலுக்கென்று கூடுதல் துணி அங்கே இல்லை. உறையின் பின்பக்கத்தோடு நேரடியாகக் கால் இன்ச் பிடித்துத் தைத்தால் ஓர வரிசையில் மட்டும் கால் இன்ச் குறைந்து, ஓரத்து இதழ்களின் முனைகள் தையலுக்குள் போய்விடும். 13½ இன்ச் சதுரமாக ஒரு துணியை வெட்டி, 12 இன்ச் பலகையை அதன் நடுவில் வைத்து, விளிம்பைச் சுற்றி எம்மிங் போட்டு இணையுங்கள். பிறகு அந்தத் துணியின் ஓரத்தில் கால் இன்ச் பிடித்து உறையைத் தைத்தால், பலகையைச் சுற்றி அரை இன்ச் கரை நின்று 13 இன்ச் குஷனாக வரும். 12-தான் வேண்டும் என்றால் துணியை 12½ வெட்டுங்கள், ஆனால் தடித்த விளிம்பை ஒட்டியே தையல் ஓட வேண்டியிருக்கும், அதற்கு ஜிப் தைக்கும் காலை மாட்டிக்கொள்ளுங்கள்.